ஒரு ஓட்டை கூட போடாமல்

டிஸ்கி: இது கார் பத்தின பதிவு. கொஞ்சம் நீளம் ஜாஸ்தி. நட்டு, போல்ட்டு, ஒயர் எல்லாம் வரும். பிடிக்காதவங்க அந்தப் பத்திகள தாண்டிக் குதிச்சு வந்துடலாம். கடைசியில பரீட்சை எல்லாம் வைக்க மாட்டேன் :-)

பழைய ஜப்பான் கார் பைத்தியங்கள ரெண்டு கட்சியா பிரிக்கலாம். ஒரு கட்சி, ஃபேக்டரில இருந்து வந்த மாதிரியே ஒரு ஸ்க்ரூ மாறாம வெச்சுக்கணும்னு சொல்லும். பானெட்டுக்கு அடியில ஒட்டின ஸ்டிக்கர் கிழிஞ்சா கூட, அதே மாதிரி அச்சடிச்சு ஒட்டுவாங்க. இன்னொரு கட்சிக்கு வெளித்தோற்றம் மட்டும் பழசா இருந்தா போதும். பானெட்ட தூக்கினா உள்ள டர்போ வெச்ச எஞ்சின் உக்காந்திருக்கணும். இவங்க ரெண்டு பேரும் போடற சண்டைய பாத்தா, நம்ம ஊர் ராஜா - ரஹ்மான் சண்டையெல்லாம் ஒண்ணுமே இல்ல.

நானும் ஒரு வருஷத்து சனி ஞாயிற, சான் ஹோசேல ஒரு கராஜ்ல, இப்படி ஒரு எஞ்சின் மாத்தற வேலைல கழிச்சேன். அதுக்கு அப்புறமும் நான் எந்தக் கட்சின்னு என்னால சட்டுனு சொல்ல முடியல. ஏன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல வண்டி. பேரு டாட்சன் 240 இசட். 1969 கடைசியில நிசான் கொண்டு வந்தது. ஜப்பான்ல இதுக்குப் பேரு ஃபேர்லேடி இசட். ஆமாங்க, 'மை ஃபேர் லேடி'ங்கற இசை நாடகத்துல இருந்து எடுத்த பேரு. அமெரிக்கால நிசான நடத்திட்டு இருந்தவர் யுடாகா கடயாமா. 'மிஸ்டர் கே'ன்னு சொன்னாதான் நிறைய பேருக்குத் தெரியும். ஸ்போர்ட்ஸ் காருக்கு இது ஒரு பேரான்னு, வந்து இறங்கின வண்டிகள்ல அந்த எழுத்தக் கழட்டிட்டு '240 இசட்'னு மாட்ட வெச்சாராம். மனுசன் 105 வயசு வரைக்கும் இருந்து 2015ல போய்ச் சேர்ந்தார்.

சுமார் 3,500 டாலருக்கு, ஆறு சிலிண்டர், நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், பாக்கறதுக்கு ஐரோப்பா கார் மாதிரி நீள மூக்கு. அப்போ இந்த விலைக்கு இப்படி ஒண்ண யாரும் குடுக்கல. 1978 வரைக்கும் இந்த உடம்போட (260, 280 எல்லாம் சேத்து) அஞ்சு லட்சத்துக்கும் மேல வித்தாங்க.

அதுல இருக்கற எஞ்சின் பேரு எல்-24. 2.4 லிட்டர், வரிசையா ஆறு சிலிண்டர், மேல ஒரே ஒரு கேம் ஷாஃப்ட், ரெண்டு கார்ப்பரேட்டர். கம்பெனி சொன்ன சக்தி 151 குதிரை. அந்தக் காலத்துக் கணக்கு கொஞ்சம் தாராளமான கணக்கு, சக்கரத்துக்கு வர்றப்போ அவ்வளவு இருக்காது. ஆனா வண்டி எடையே ஆயிரத்து சொச்சம் கிலோதான். அதனால அப்போ அது பறந்துச்சு.

இப்போ எஞ்சின் மாத்தறவங்க கட்சிக்கு ஒரு பாயிண்ட் குடுத்துடறேன். இந்த வண்டிக்கு முதல் முதல்ல வேற எஞ்சின் மாத்தினது ஏதோ விசிலடிச்சான் குஞ்சு இல்ல. நிசானேதான்! பிரின்ஸ்னு ஒரு கம்பெனி 1966ல நிசானோட சேந்துச்சு. அவங்க ரேஸ் எஞ்சின் வழியில வந்த எஸ்-20ங்கற எஞ்சின் ஸ்கைலைன் ஜிடி-ஆர்ல இருந்துச்சு. அதத் தூக்கி ஃபேர்லேடில வெச்சு 'இசட் 432'ன்னு வித்தாங்க. சிலிண்டருக்கு நாலு வால்வு, மூணு கார்ப்பரேட்டர், ரெண்டு கேம். அதான் 4-3-2. நானூத்தி சொச்சம் வண்டிதான் பண்ணாங்க. இன்னிக்கு 'ஒரிஜினல்' கட்சிக்காரங்க விழுந்து கும்பிடற வண்டிகள்ல அதுவும் ஒண்ணு :-)

டொயோட்டாவும் லேசுப்பட்டவங்க இல்ல. 2023 ஜனவரில டோக்கியோ ஆட்டோ சலோன்ல ரெண்டு பழைய ஏஇ86 வண்டிகள கொண்டு வந்து நிறுத்தினாங்க. ஒண்ணு ஹைட்ரஜன்ல ஓடுது, இன்னொண்ணு பேட்டரில. இனிஷியல் டி பாத்து வளந்த பசங்களுக்கு அன்னிக்கு மயக்கமே வந்திருக்கும்.

சரி, நம்ம கதைக்கு வருவோம்.

நம்ம வண்டிக்குச் சொந்தக்காரர நான் அண்ணான்னுதான் கூப்பிடுவேன். கோயமுத்தூர். அமெரிக்கா வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அவரும் நம்மள மாதிரி பொட்டி தட்டறவர்தான், ஆனா என்னைவிட ரெண்டு தலைமுறை சீனியர். அவங்க அப்பா கோவைல லேத் பட்டறை வெச்சிருந்தவர். அண்ணனுக்கு மெக்கானிக்கல் படிக்க ஆசை. "இந்தக் கரி என்னோட போகட்டும், நீ கம்ப்யூட்டர் படி"ன்னு அப்பா சொல்லிட்டார். படிச்சார், வந்தார், வீடு வாங்கினார். 2021ல அப்பா தவறினப்போ, கோவிட் கெடுபிடில ஊருக்குப் போய்ச் சேரவே முடியல. அப்புறம் போனப்போ பட்டறையையும் வித்தாச்சு. லேத், டிரில்லிங் மெஷின் எல்லாம் எடைக்குப் போச்சு. அண்ணன் அங்கேர்ந்து எடுத்துட்டு வந்தது ஒரே ஒரு மைக்ரோமீட்டர். மிட்டுடோயோ, ஜப்பான் சரக்கு. மரப்பெட்டில துணி சுத்தி வெச்சது.

அந்த வருஷக் கடைசிலதான் இந்த வண்டிய வாங்கினார். 1972 மாடல். வித்தவர் எண்பது வயசு தாண்டின ஒரு அமெரிக்கப் பெரியவர். புதுசா எடுத்து, அம்பது வருஷம் அவரே ஓட்டின வண்டி. கண்ணு சரியா தெரியாம போனதும் விக்க முடிவு பண்ணியிருக்கார். விலை பேசறப்போ அதிகமா பேரம் பண்ணல. ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டார். "என்ன வேணா பண்ணிக்கோ. ஆனா உடம்ப மட்டும் வெட்டாதே." அண்ணன் கை குடுத்து சரின்னுட்டார். பேப்பர்ல எழுதினது ஒண்ணும் இல்ல. வாய் வார்த்தைதான்.

வண்டி பாக்க அழகு. ஆனா எல்-24 புகைய ஆரம்பிச்சிருந்துச்சு. கம்ப்ரஷன் பாத்தா ரெண்டாவது சிலிண்டர் படுத்திருக்கு. ரெண்டு வழி. எஞ்சின பிரிச்சு, போர் அடிச்சு, பிஸ்டன் ரிங் மாத்தி, பழையபடி கட்டறது ஒண்ணு. இல்லேன்னா வேற எஞ்சின். அண்ணன் மூணு மாசம் யோசிச்சுட்டு ஒரு ராத்திரி எனக்கு ஃபோன் பண்ணார்.

"தம்பி, இந்த ஈசியூ புரோகிராம் பண்றதெல்லாம் உனக்கு வருமா?"

"கத்துக்கலாம்ணா. எதுக்கு?"

"ஆர்.பி. எஞ்சின் ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன். உங்க அண்ணிக்குத் தெரியாது."

ஆர்.பி.-25. கூடவே டி, ஈ, டி-ன்னு மூணு எழுத்து வரும். ரெண்டு கேம், எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன், டர்போ. 2.5 லிட்டர், வரிசையா ஆறு சிலிண்டர், கம்பெனி கணக்குல 250 குதிரை. ஆர்33 ஸ்கைலைன்ல வந்தது. 1990-கள் எஞ்சின், அதுக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. இத 'மாடர்ன்'னு சொல்றதுக்கு கொஞ்சம் கூச்சமாதான் இருக்கு. ஆனா 1972 வண்டி பக்கத்துல நிறுத்தினா ரெண்டு பேருமே மாடர்ன்தான்.

ஏன் இந்த எஞ்சின்? நிசான் ஜப்பான்ல எல் ஆறு சிலிண்டருக்கு அடுத்ததா கொண்டு வந்தது ஆர்.பி. குடும்பம். 1980-கள்ல ஆரம்பிச்சது. அதுவும் நீளமான, ஒல்லியான ஆறு. தாத்தா உக்காந்த சாய்வு நாற்காலில பேரன் உக்காந்த மாதிரி, 240 இசட்டோட நீள மூக்குக்குள்ள சரியா உக்காரும். 'ஜிடி-ஆர் எஞ்சினே போடலாமே'ன்னு கேப்பீங்க. ஆர்.பி.-26. அது நாலு சக்கரமும் இழுக்கற வண்டிக்குப் பண்ணது, முன்சக்கர டிஃபரன்ஷியல் ஆயில் சம்ப்போட சேந்தே இருக்கும். சம்ப்பையே மாத்தணும். விலையும் யானை விலை, குதிரை விலை.

சட்டம் என்ன சொல்லுதுன்னு சில பேருக்குத் தோணும். கலிஃபோர்னியால 1975 மாடலும் அதுக்கு முந்தின பெட்ரோல் வண்டிகளும் புகைப் பரிசோதனைக்கே போக வேண்டாம். 1976 மாடலா இருந்தா கதை கந்தல். நம்ம ஊர்ல இத முயற்சி பண்ணிடாதீங்க மக்களே. எஞ்சின் மாத்தணும்னா மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி ஆர்டிஓ அனுமதி வேணும். கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தறதப் பத்தி 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் கறாரா சொல்லிடுச்சு.

2022 அக்டோபர்ல எல்-24 வெளிய வந்துச்சு. அண்ணன் அத ஒரு ஸ்டாண்ட்ல மாட்டி, ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியா ஒவ்வொரு சிலிண்டருக்கும் கொஞ்சம் ஆயில் விட்டு, பழைய பெட்ஷீட் போத்தி கராஜ் மூலைல நிறுத்திட்டார். மாசத்துக்கு ஒரு தடவை ஸ்பானர் போட்டு கையால ஒரு சுத்து சுத்துவார். "எதுக்குண்ணா, அதான் எடுத்தாச்சே?"ன்னேன். "பிடிச்சுக்கும் தம்பி"ன்னார். அவ்வளவுதான் பதில்.

அப்புறம்தான் அந்த 'வெட்டாதே' எவ்வளவு பெரிய கண்டிஷன்னு எங்களுக்குப் புரிஞ்சுது.

எஞ்சின் உக்கார்ற இடம் பிரச்சினை இல்ல. பழைய மவுண்ட் ஓட்டைலயே மாட்டற மாதிரி அடாப்டர் கிடைக்குது. ஒரு பக்கம் ரெண்டு மில்லிமீட்டர் சாஞ்சு நின்னுச்சு. அண்ணன் அப்பாவோட மைக்ரோமீட்டர எடுத்து, தகடு தகடா அளந்து வெச்சு நிமித்தினார். கியர் பாக்ஸுக்கும் அதே மாதிரி. லீவர் மட்டும் பழைய ஓட்டைக்குள்ள இடிச்சுது. ஓட்டைய பெருசாக்கறதுக்குப் பதிலா லீவர வளைச்சோம். புரொப்பெல்லர் ஷாஃப்ட் அளவு குடுத்து செய்ய வெச்சது.

பெரிய தலைவலி இன்டர்கூலர். டர்போன்னா என்னன்னு ரெண்டு வரி. எஞ்சின்ல இருந்து வெளிய போற சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்த சுத்தும், நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல. அதே தண்டுல மறுபக்கம் இருக்கற இன்னொரு சக்கரம் வெளிக்காத்த அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளும். நிறைய காத்து, அதுக்கேத்த பெட்ரோல், நிறைய சக்தி. ஆனா காத்த அமுக்கினா சூடாகும். சைக்கிள் பம்ப் அடிக்கிறப்போ அடிப்பக்கம் சுடும்ல, அதே கதைதான். சூடான காத்து உள்ள போனா பெட்ரோல் நேரத்துக்கு முன்னாடியே வெடிச்சு பிஸ்டன காலி பண்ணும். அதனால நடுவுல அத குளிர்விக்கணும். அதுதான் இன்டர்கூலர்.

எல்லாரும் ரேடியேட்டர் முன்னாடி அத வெச்சு, ரெண்டு பக்கமும் தகட்டுல பெரிய ஓட்டை போட்டு குழாய் விடுவாங்க. எங்களுக்குத்தான் ஓட்டை போடக் கூடாதே! கடைசில தண்ணியால குளிர்விக்கற இன்டர்கூலர் ஒண்ண எஞ்சின் பக்கத்துலயே வெச்சோம். அதுக்கான தண்ணிக் குழாய் சின்னது, ஏற்கெனவே இருந்த ஓட்டை வழியாவே முன்னாடி போயிடுச்சு. எடை கூடிச்சு, செலவு கூடிச்சு, ஒரு பம்ப் கூடிச்சு. உடம்பு தப்பிச்சுது.

பெட்ரோல் கதை வேற. கார்ப்பரேட்டருக்கு பெட்ரோல் சும்மா போய்ச் சேந்தா போதும். இன்ஜெக்ஷனுக்கு சுமார் 3 பார் அழுத்தம் வேணும், கார்ப்பரேட்டருக்குக் குடுக்கறத மாதிரி பத்து மடங்கு. பழைய டேங்க்ல உள்ள தடுப்பும் சரியா கிடையாது. வளைவுல வேகமா திரும்பினா பெட்ரோல் ஒரு ஓரமா ஒதுங்கி, பம்ப் காத்த உறிஞ்சும். டர்போ எஞ்சின் முழு வேகத்துல இருக்கறப்போ ஒரு நொடி பெட்ரோல் நின்னா சங்குதான். அதனால நடுவுல ஒரு குட்டி டேங்க் வெச்சு, அது எப்பவும் நிரம்பி இருக்கற மாதிரி பண்ணோம். பிரேக்குக்கு டொயோட்டா பிக்கப் லாரியோட நாலு பிஸ்டன் கேலிப்பர். நம்புங்க, அது அப்படியே போல்ட்டு மாறாம பொருந்தும்! இது இசட் ஓட்டறவங்க ரொம்ப வருஷமா பண்ற வேலை. டிஃபரன்ஷியலும் 280 இசட்ல வர்ற தடியான ஆர்-200 ஆச்சு.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். எஞ்சின் மாத்தறதுன்னா ஏதோ பேட்டரி மாத்தற மாதிரின்னு நினைச்சேன். கிடையாது. ஒண்ண மாத்தினா பக்கத்துல இருக்கறது பத்தாம போகும். அத மாத்தினா அடுத்தது. இருவது வருஷம் ஓடற பழைய கோட்ல ஒரு லைப்ரரிய மட்டும் புதுசாக்கி பாத்தவங்களுக்கு இந்த வலி புரியும்.

2023 ஜனவரில கதை திரும்பிச்சு. அந்த மாசம் சிலிக்கான் வேலில என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு நியாபகம் இருக்கும். கொத்துக் கொத்தா ஆளுங்கள வெளிய அனுப்பினாங்க. அண்ணனோட ஆபீஸ்ல விடியக்காலைல ஒரு மெயில். லேப்டாப் லாக் ஆயிடுச்சு. பதினெட்டு வருஷ சர்வீஸ். வயசு அம்பது தாண்டியாச்சு. பொண்ணு காலேஜ் முதல் வருஷம்.

அடுத்த சனிக்கிழமை நான் போனப்போ கராஜ் கதவு மூடியிருந்துச்சு. உள்ள எஞ்சின் பாதி மாட்டின நிலைல, வண்டி ஜாக்கி ஸ்டாண்ட் மேல. அண்ணன் சமையல்கட்டுல உக்காந்து கணக்கு எழுதிட்டு இருந்தார். அந்தச் சமயம் பாத்து ஒரு ஆள் வண்டிய கேட்டு வந்திருந்தான். பழைய எல்-24 திரும்ப உள்ள போகணும், நம்பர் எல்லாம் ஒத்துப் போகணும், நல்ல விலை தர்றேன்னான். உண்மையிலேயே நல்ல விலை. 2020 ஜனவரில ஒரிஜினல் நிலைல இருந்த ஒரு 240 இசட் ஏலத்துல 3,10,000 டாலருக்குப் போனதுல இருந்தே இந்த வண்டிங்க விலை எங்கயோ போயிடுச்சு. நம்ம வண்டி அவ்வளவு போகாதுதான். ஆனா ஒரு வருஷக் காலேஜ் பீஸுக்குக் காணும்.

இதுல இருக்கற வேடிக்கைய பாருங்க. வெட்டியிருந்தா இந்தப் பேச்சே இல்ல. அந்த விலைக்கு யாரும் வந்திருக்க மாட்டாங்க. பெரியவருக்குக் குடுத்த வாக்கக் காப்பாத்தினதாலதான் விக்கற வழி திறந்தே இருந்துச்சு. ரெண்டு வாரம் போதும், எல்லாத்தையும் கழட்டிட்டு பழசு மாதிரி ஆக்கிடலாம். புகைய மட்டும் சரி பண்ணணும்.

அண்ணன் விக்கறதுன்னு முடிவுக்கே வந்துட்டார். அண்ணி அதுவரைக்கும் அந்த வண்டிய "உங்க சின்ன வீடு"ன்னுதான் சொல்லுவாங்க. காபி கொண்டு வந்து வெச்சுட்டு அவங்க சொன்னது:

"ஏனுங்க, இப்ப வித்துப்போட்டு காலைல எந்திரிச்சு எங்க போவீங்க? வீட்டுல உக்காந்து என்னையும் புள்ளயையும் கொடையறதுக்கா? ஆறு மாசத்துக்கு கையில காசு இருக்குதல்ல. அதுவரைக்கும் அந்த கராஜே உங்க ஆபீஸுன்னு நெனச்சுக்கங்க. ஆறு மாசம் தாண்டுச்சுன்னா நானே வித்துப்போடுவேன்."

நான் காபிய பாத்துட்டு உக்காந்திருந்தேன். அந்த இடத்துல வேற எங்க பாக்கறதுன்னு தெரியல.

அதுக்கப்புறம் அண்ணன் தினமும் காலைல ஒன்பது மணிக்கு கராஜுக்குப் போனார். பதினொரு மணி வரைக்கும் வேலைக்கு அப்ளிகேஷன், அப்புறம் ஸ்பானர். நான் சாயங்காலம் ஆணி புடுங்கி முடிச்சுட்டுப் போய் ஒயரிங் பாப்பேன்.

ஒயரிங் சமாச்சாரம் ஒரு தனிப்பதிவுக்குத் தாங்கும். 240 இசட்ல வண்டி மொத்தக் கரண்டும் டேஷ்போர்டுல இருக்கற அம்மீட்டர் வழியா போய் வரும். அந்தக் காலத்துல நாலு லைட்டு, ஒரு ரேடியோ, தாங்கிச்சு. ஆறு இக்னிஷன் காயில், பெட்ரோல் பம்ப், தண்ணி பம்ப், ரெண்டு ஃபேன்லாம் வெச்சா அம்மீட்டர் அடுப்பாயிடும். அத சுத்தி வழி விட்டோம், கழட்டினா பழையபடி ஆகற மாதிரி. ஆர்.பி.எம். மீட்டர் வேலை செய்யல. பழைய மீட்டர், ஒத்தைக் காயிலுக்குப் போற கரண்டோட துடிப்ப எண்ணித்தான் முள்ள நகத்தும். இங்க சிலிண்டருக்கு ஒரு காயில். அதுக்கு ஒரு சின்ன சர்க்யூட் போட்டு ஏமாத்தினோம்.

ஏப்ரல்ல முதல் தடவை ஸ்டார்ட் பண்ணோம். ஸ்டார்ட்டர் சுத்துது, எஞ்சின் பிடிக்கல. அரை மணி நேரம் இதே கதை. பெட்ரோல் வருது, அழுத்தம் இருக்கு, ஸ்பார்க் தனியா சோதிச்சா நல்லா அடிக்குது. நான் லேப்டாப்ப மாட்டி ஈசியூ லாக் எடுத்துப் பாத்தேன். சாவிய திருப்பின உடனே லாக் அறுந்து போகுது. சாவிய விட்டதும் திரும்ப வருது. நம்ம பொழப்புல இத எத்தன தடவை பாத்திருப்போம்! எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்ல. ஈசியூ ரீபூட் ஆகுது.

ஒயரிங் கிட் வித்த கடையோட குறிப்புல, இக்னிஷன் காயிலுக்குப் போற கம்பில இருந்து கரண்ட் எடுக்கச் சொல்லியிருந்தாங்க. ஆனா அந்தக் காலத்து வண்டிகள்ல காயிலுக்கு ரெண்டு வழி உண்டு. ஓடறப்போ ஒரு ரெசிஸ்டர் வழியா ஒரு கம்பி, ஸ்டார்ட் பண்றப்போ அத தாண்டி நேரா இன்னொரு கம்பி. குறிப்புல சொன்ன கம்பி, ஸ்டார்ட்டர் சுத்தற அந்த ரெண்டு நொடி செத்துடும். சாவியோட ரெண்டு நிலைலயும் உயிரோட இருக்கற கம்பிய தேடிப் பிடிச்சு, அத வெச்சு ஒரு ரிலேய இயக்கி, பேட்டரில இருந்து நேரா ஈசியூவுக்குக் கரண்ட் குடுத்தோம்.

திருப்பினார். ரெண்டாவது சுத்துலயே பிடிச்சுது.

பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பிச்சுது. அண்ணி கதவ திறந்து எட்டிப் பாத்து, "அரிசி ஊற வெக்கற சத்தமே எனக்குக் கேக்கல போங்க"ன்னாங்க. எனக்கு அதுக்கு இன்னைக்கு வரைக்கும் அர்த்தம் புரியல. சந்தோஷத்துல சொன்னாங்கன்னு மட்டும் தெரிஞ்சுது.

டியூனிங்தான் என் டிபார்ட்மெண்ட். ஈசியூ உள்ள இருக்கறது பெரிய மந்திரம் எல்லாம் இல்ல, ஒரு எக்செல் ஷீட்தான். ஒரு பக்கம் எஞ்சின் வேகம், இன்னொரு பக்கம் காத்தோட அழுத்தம், ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு எண். எவ்வளவு பெட்ரோல், எப்போ பொறி. சும்மா ஓடறப்போ ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்து. டர்போ முழு மூச்சா தள்றப்போ இன்னும் பெட்ரோல் கூட்டி பன்னெண்டுக்குக் கீழ கொண்டு வரணும், அந்தக் கூடுதல் பெட்ரோல்தான் உள்ள கொஞ்சம் குளிர வைக்கும். இங்க பக் வந்தா ஸ்டாக் ட்ரேஸ் வராது, பிஸ்டன்ல ஓட்டை வரும். அதனால அரை பார் அழுத்தத்தோட நிறுத்திட்டோம். கூடுதலா கேக்காதீங்கன்னு அண்ணன்கிட்ட கறாரா சொல்லிட்டேன். அந்த டர்போவோட புகைச் சக்கரம் செராமிக், ரொம்ப அழுத்தினா உடஞ்சு போறதுக்குப் பேர் போனது.

மே மாசம் அண்ணனுக்கு வேலை கிடைச்சுது. சம்பளம் முன்ன விட கம்மி. அண்ணி குடுத்த ஆறு மாசத்துல ரெண்டு மாசம் மிச்சம். வண்டி விக்கல.

ஓட்டிப் பாத்தேனான்னு கேக்கறீங்களா? ஒரு தடவை. மலைப்பாதைல. மூவாயிரம் சுத்து வரைக்கும் அது சாதுவான பழைய கார். அதுக்கு மேல பின்னாடி யாரோ கைய வெச்சுத் தள்ற மாதிரி இருக்கும். 1,300 கிலோவுக்கு மேல இருந்த ஸ்கைலைன இழுக்கப் பண்ண எஞ்சின், ஆயிரத்து சொச்சம் கிலோ வண்டில. பயமா இருந்துச்சு. நல்லாவும் இருந்துச்சு. ஆனா ஸ்டீரிங் முன்ன விட கனம். எல்-24 இருந்தப்போ பக்கத்து சீட்ல உக்காந்து போயிருக்கேன். அதுல ரெண்டு கார்ப்பரேட்டரும் மூச்சு வாங்கற சத்தம் ஒண்ணு கேக்கும். அது இப்போ இல்ல.

ஜூன்ல அண்ணன் அந்தப் பெரியவர வீட்டுக்குக் கூப்பிட்டார். அவரோட பொண்ணு கூட்டிட்டு வந்தாங்க. எனக்கு உள்ளுக்குள்ள பதட்டம். பானெட்ட திறந்து காட்டினோம். அவரால தெளிவா பாக்க முடியல. கையால தடவிப் பாத்துட்டே போனார். ரேடியேட்டர் பக்கத்துத் தகடு, பேட்டரி தட்டு, ஃபயர்வால், ஓரம் முழுக்க. வெட்டின இடம் ஏதாவது இருக்கான்னு தேடினார்னு எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுது. ஒண்ணும் இல்ல. தலைய ஆட்டினார்.

ஒரு ரவுண்ட் கூட்டிட்டுப் போனார் அண்ணன். திரும்பி வந்ததும், நல்ல வண்டி, ரொம்ப வேகம், ஆனா என் வண்டி சத்தம் இது இல்லன்னார். கோபமா சொல்லல. அப்புறம் பழைய எஞ்சின் எங்கன்னு கேட்டார். மூலைக்குக் கூட்டிட்டுப் போய் பெட்ஷீட்ட எடுத்தோம். அண்ணன் ஸ்பானர அவர் கைல குடுத்தார். க்ராங்க் போல்ட்ல போட்டு மெதுவா ஒரு சுத்து சுத்தினார். வழுக்கிட்டுப் போச்சு. இன்னொரு சுத்து. அவரோட பொண்ணு வேற பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

போறப்போ அண்ணன் கைய ரொம்ப நேரம் பிடிச்சுட்டு இருந்தார். என்ன பேசினாங்கன்னு எனக்குக் கேக்கல, நானும் அண்ணன்கிட்ட கேக்கல.

இப்போ அந்த எல்-24 பிரிச்சு மேஜை மேல கிடக்கு. அண்ணன் ஞாயித்துக்கிழமைல ஒவ்வொரு பிஸ்டனா எடுத்து அப்பாவோட மைக்ரோமீட்டர வெச்சு அளந்து ஒரு நோட்டுல குறிச்சுட்டு இருக்கார். ஆர்.பி. நல்லாத்தான் ஓடுது, ஒரு தொல்லையும் இல்ல. "அப்புறம் எதுக்குண்ணா இது? திரும்ப மாத்தப் போறீங்களா?"ன்னேன்.

"தெரியல தம்பி. மாத்தணும்னா மாத்தலாம்ல? அந்த எட்டாவது டப்பாவ எடு."

அதனாலதான் சொல்றேன், நான் எந்தக் கட்சின்னு எனக்கே தெரியல. ஒரிஜினலா வெச்சிருக்கறவங்களுக்கு அந்தப் பெரியவரோட காது தெரியும். மாத்தறவங்களுக்கு அந்த மூவாயிரம் சுத்துக்கு மேல வர்ற தள்ளு தெரியும். ரெண்டும் பொய் இல்ல. ஆனா வெட்டிட்டா அப்புறம் ஒரே ஒரு பக்கம்தான் மிச்சம். இதுல மட்டும் நான் பெரியவர் கட்சி. ஆபீஸ்ல இப்பல்லாம் யாராவது "பழைய மாட்யூல தூக்கிப் போட்டுட்டு புதுசா எழுதிடலாம்"னா, திரும்ப வர்ற வழி இருக்கான்னு முதல்ல கேக்கறேன். டீம்ல என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க :-)

உங்க வீட்லயும் அப்பாவோட பழைய வண்டி ஏதாவது நிக்குதா? ராஜ்தூத், யெஸ்டி, லாம்பி, பிரீமியர் பத்மினி, எதுவா இருந்தாலும் சரி. என்ன பண்ணி வெச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க. எடைக்குப் போட்டுட்டேன்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்கப்பா.